பதினைந்தாம் படி

வாருங்கள், வந்து இந்த அநீதியைப் பாருங்கள்! புந்தாங் பாத்தோ கடற்கரையில் நார்சிசாவின் குடிசையில், வீடு கட்டும் செலவு மதிப்பீடு எழுதிப் பரப்பிவைத்த ஐந்து தாள்களின் கனம் தாங்காமல், உணவு மேசையின் நான்கு கால்களும் மண்தரையில் முழங்கால் ஆழம் புதைந்தன. கொண்டுவந்தவர் ஒப்பந்தக்காரர் புருடென்சியோ. எழுதியவர் கையில் அவை கனக்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவள் மேசையில்தான் கனத்தன. மீனவர் அறுவர் முயன்றும் ஒரு தாளின் முனைகூட அசையவில்லை. அன்றிலிருந்து அவ்வீட்டார் தரையில் அமர்ந்து உண்டார்கள்.

பதினேழு ஆண்டுகள் ஹாங்காங்கில் அயலார் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சொந்த மகள் வளர்வதைப் புகைப்படத்தில் மட்டுமே கண்டவள் நார்சிசா. அந்தப் பதினேழு ஆண்டுகளும் இந்த ஐந்து தாள்களுக்குள் போகவிருந்தன. கேள்வி கேட்கலாமா? கூடாதாம்! புருடென்சியோ அவள் மகளின் ஞானத்தந்தை. கும்பாரே, குமாரே என்று ஒருவரையொருவர் விளிக்கும் உறவு. அந்த உறவிடம் விளக்கம் கேட்பது அவமதிப்பு என்றது ஊர். கேட்பது அவமதிப்பு, கொள்ளையடிப்பது உறவு! எந்த நாட்டு நீதி இது?

நான்காம் வாரம் மேசைப்பலகை மட்டுமே தரைக்கு மேலிருந்தது. நார்சிசா குப்புறப் படுத்துப் படித்தாள். நான்காம் தாளில் நின்றாள்: படிக்கட்டு, பதினைந்து படிகள். அவ்வூரில் படிகளைத் தங்கம், வெள்ளி, சாவு என்று திரும்பத் திரும்ப எண்ணியபடியே ஏறுவார்கள். கடைசிப் படி சாவில் முடியும்படி எவரும் கட்டமாட்டார்கள். வீட்டின் வரைபடத்தில் பதின்மூன்று, தங்கம். மதிப்பீட்டிலோ பதினைந்து, சாவு. இரண்டு படிகளைத் திருடும் அவசரத்தில் அந்த மனிதர் எண்ணிப் பார்க்க மறந்துவிட்டார். அவள் ஆளனுப்பி அவரை அழைத்தாள்.

"கும்பாரே, பதினஞ்சாம் படியில ஏறி நான் சாகணுமா?"

"அட குமாரே, அது சும்மா எழுத்துல இருக்கறது. கட்டறது பதிமூணுதான்."

"அப்ப மிச்சம் ரெண்டு படி உங்க வீட்டுக்கா?"

"உறவுக்குள்ள இப்படியா பேசறது? ஹாங்காங் காத்து உன்னை ரொம்பத்தான் மாத்திடுச்சு."

"ஆமா கும்பாரே. அங்க ஒரு முட்டை உடைஞ்சாக்கூட என்னை நிக்கவெச்சுக் கேட்டாங்க. பேனாவக் குடுங்க."

இரண்டு படிகளைக் கோடிட்டு அடித்தாள். மேசை நான்கு விரற்கடை உயர்ந்தது, புருடென்சியோ நான்கு விரற்கடை தாழ்ந்தார். குழைக்கவே போகாத அறுபது மூட்டை சிமெண்டை அடித்தாள். பூசவே போகாத மூன்றாம் பூச்சை அடித்தாள். கடைசிப் பொய் அடிபட்டபோது மேசை நேராக நின்றது. அவர் முழங்கால்வரை மண்ணில் நின்றார்.

வீடு வேறொரு கொத்தனார் கையில் பதின்மூன்று படிகளோடு எழுந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. புருடென்சியோ இன்றும் மண்ணில் புதைந்து புதைந்தே நடக்கிறார். மூன்றுசக்கர வண்டிக்காரர்கள் அவரிடம் ஆள் கட்டணத்தோடு சரக்குக் கட்டணமும் வாங்குகிறார்கள். அவர் கால்பட்ட குழிகளைச் சனிக்கிழமைதோறும் ஊராட்சி சரளை போட்டு மூடுகிறது.

வீடு கட்டக் காத்திருப்பவர்களே! உங்கள் பெட்டியிலும் அத்தகைய தாள்கள் கிடக்கின்றன. இன்றே வெளியே எடுங்கள். வரி வரியாகப் படியுங்கள். ஞான உறவே எதிரில் வந்து நின்றாலும் கேளுங்கள். கடைசிப் படிவரை எண்ணி முடிக்காமல் கையெழுத்திடாதீர்கள்!