நயினார் போட்ட துளை

1943ஆம் வருஷம் ஆவணியில், தாராவியில் நயினார் பித்தளை உருளையில் போட்ட துளை பித்தளையோடு நிற்காமல் தகரச் சுவரையும் தாண்டி, அடுத்த வீட்டுச் சாயிராவின் மாவுச் சல்லடையைத் துளைத்துக்கொண்டு போனது. அரிசிக்கு ரேஷன் வந்திருந்த காலம். சாயிரா சுவர்த் துளையில் துணியை அடைத்துவிட்டு வரிசையில் நிற்கப் போய்விட்டாள்.

எல்லாம் நயினாரின் கெட்டிக்காரத்தனத்தால் வந்தது. வீட்டிலிருந்த காலால் மிதிக்கும் லேத்து, டிரில்லைப் பிடிக்கும் பின்பகுதி இல்லாமலே வந்து சேர்ந்திருந்தது. உளி பிடிக்கும் இடத்தில் டிரில்லைக் கட்டிப் பார்த்தான். துளை கோணலாக விழுந்தது. பிறகு ஒரு வழி கண்டான். டிரில் முனைக்கும் உருளையின் வயிற்றுக்கும் நடுவே ஒரு சவர பிளேடை வைத்து மெல்ல நெருக்குவான். பிளேடு சாய்ந்தால் முனை ஏற்றமோ இறக்கமோ. செங்குத்தாக நின்றால் சரியான மையம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான். அவ்வளவு நேரான துளைக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. உருளைக்கு உருளை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

சாயிரா வீட்டுக்கு அந்தப் பக்கம் மச்சினன் வெயிலுமுத்துவின் வீடு. ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காததால், நயினாரின் மனைவி தங்கமயில் நிறைமாதமாக அங்கேதான் படுத்திருந்தாள். துளை அந்த வீட்டுச் சுவரையும் எட்டிவிட்டது. லேத்தைத் திருப்பிப் போட வீட்டில் இடமில்லை. துளை கோணினால் லேத்தைக் கொடுத்த யுத்தச் சாமான் காண்டிராக்டர் அதையே தூக்கிக்கொண்டு போய்விடுவான். துளைகளின் வழியே நூல் ஓட்டிப் பார்த்தான். படுத்திருந்தவளுக்கு ஒரு சாண் மேலே நூல் போனது.

"லேத்துச் சத்தம் கேட்டா எந்திரிக்காத தங்கம்," என்று அவளிடம் சொல்லிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு மிதித்தான்.

அந்த வாரம் பேய்மழை. வீட்டுக்குள் தண்ணீர் ஏறவே, வெயிலுமுத்து கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினான். அத்தானிடம் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. நயினார் ஒரு உருளையை முடித்துவிட்டு மச்சினன் வீட்டுக்குச் சாப்பிடப் போனவன், செங்கற்களைப் பார்த்தான். கட்டிலுக்கு ஓடினான். தங்கமயில் தூங்கிக்கொண்டிருந்தாள். சேலையில் வயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை. வயிற்றில் கீறல்கூட இல்லை.

"ஏங்க, ஏன் இப்படிப் பாக்கீய?" என்று விழித்தவள் கேட்டாள்.

அவன் குனிந்து அவள் வயிற்றில் காதை வைத்தான். பிள்ளை உதைத்தது. ஆனாலும் துளை எந்த வழியாகப் போயிருக்கும் என்ற பயம் அவனைத் தின்றது. அதன்பின் பிளேடை மயிரிழை சாயவிட்டே துளை போட்டான். துளைகள் பித்தளையோடு நின்றன, காண்டிராக்டரும் கண்டுபிடிக்கவில்லை. பயம் வந்தபிறகுதானே புத்தி வருகிறது.

பெண் பிறந்தது. நயினார் முதலில் நெஞ்சைப் பார்த்தான், பிறகு முதுகை, தலையை. எல்லாம் முழுசாக இருந்தன. கடைசியில் காதுகளைப் பார்த்தவன், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

தை மாதம் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் வெயிலுமுத்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். ஊசியோடு குனிந்த ஆசாரி, இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏற்கெனவே குத்தியிருக்கே! மயிரிழை பிசகல. யாரு குத்துனது?"

"அவ அப்பாதான்," என்றாள் தங்கமயில்.

ஆசாரி கம்மல்களை மாட்டிவிட்டு, வரிசையில் இருந்த அடுத்த பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார்.