யூதாங் பட்டணத்தில் விழுந்த அடி

சோங்சிங் நகரப் பேருந்து ஓட்டுநர் கெங் ருய்லான், பணிமனைத் தோழிகளோடு யூதாங் பழம்பட்டணத்துக்குப் போயிருந்தாள். பழம்பட்டணம் என்று பெயர்தான்; மரத்தூண் போல வர்ணம் பூசிய சிமெண்டுத் தூண்கள், சிவப்பு விளக்குகள், மிளகாய் எண்ணெய்ப் புகை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோளைத் திருப்ப இடமில்லை.

தோழி மெய்ஃபென்தான் அவளைப் பழைய நீதிமன்ற நாடகத்துக்கு இழுத்துப் போனாள். நீதிபதி தண்டனை சொல்வார். திருடன் பெஞ்சில் குப்புறப் படுப்பான். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், பட்டை மூங்கிலால் அவன் பின்புறத்தில் மூன்று தட்டுத் தட்டலாம். அவன் அலறுவான், கூட்டம் சிரிக்கும்.

அலறுவதற்காகத் திருடன் தலையைத் தூக்கினான். இடப்புருவத்தைப் பாதியாக வெட்டிய தழும்பைப் பார்த்ததும் ருய்லானின் சிரிப்பு நின்றுபோனது.

சம்மட்டி மா. பல வருஷங்களுக்கு முன் அவள் குடியிருந்த செங்கற்சந்து வீடுகளை இடித்துத் தள்ள ஆட்களோடு வந்தவன். வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று வாசற்படியில் படுத்துக்கொண்ட அவள் தம்பி பாவ்லினின் முழங்காலில் இரும்புக்குழாயை இறக்கியவன். இரண்டு பேர் அவளைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்க, எலும்பு நொறுங்கும் சத்தத்தை அவள் கேட்டாள். வழக்கு என்று ஒன்று நடக்கவேயில்லை.

அவள் வரிசையில் போய் நின்றாள். காவலன் வேடத்தில் இருந்தவன் மூங்கிலை நீட்டி, "பயப்படாம அடிங்கக்கா, உள்ள பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கோம்" என்றான்.

முதல் அடி பஞ்சில் விழுந்தது. பிறகு மூங்கிலைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலுக்குப் பின்னால் முழு பலத்தோடு இறக்கினாள். மா துடித்து அலறினான். நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. அவள் நிறுத்தவில்லை. மூங்கில் பிளந்து சிம்பாகும்வரை அதே இடத்தில் அடித்தாள்.

பெஞ்சிலிருந்து உருண்டவன் ஒற்றைக் காலில் எழுந்து, அவள் முடியைப் பிடித்து, முகத்தைப் பெஞ்சு விளிம்பில் மோதினான். முன்பல் இரண்டு தெறித்தன. வாயெல்லாம் ரத்தத்தோடு அவள் உடைந்த மூங்கிலை அவன் உள்ளங்கையில் குத்தினாள். அப்போதுதான் கூட்டம் வெலவெலத்துப் பின்வாங்கியது. காவல் வேடக்காரர்கள் பாய்ந்து இருவரையும் பிரித்தார்கள்.

"யாருடி நீ?" என்றான் மா, மூச்சிரைக்க.

"செங்கற்சந்து. வாசப்படியில படுத்திருந்தானே ஒரு பையன், அவன் அக்கா."

அவன் அவளையே உற்றுப் பார்த்தான். அதில் ஏளனம் இல்லை, உண்மையாகவே யோசித்தான். "அந்த வருஷம் எத்தன சந்து, எத்தன வாசப்படி. இதுல எந்தப் பையன்னு நான் கண்டேன்?"

பிடித்திருந்தவர்களை உதறிக்கொண்டு போய் அந்தக் காலிலேயே மறுபடி உதைத்தாள். ஏதோ முறிந்தது. இந்த முறை அவனால் அலறக்கூட முடியவில்லை.

ருய்லானுக்கு வேலை போயிற்று. மன்னித்துவிட்டதாக மா கோர்ட்டில் சொன்னதால் சிறைத்தண்டனை குறைந்தது. அதைக் கேட்டபோது, குறையாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

விடுதலையானவளை அழைத்துப்போக பாவ்லின் விந்தி விந்தி வந்திருந்தான். நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தான்.

"நீ அவன அடிச்சதுக்கு முந்தின வருஷம் நானும் அங்க போனேன்க்கா. அவன் அங்க இருக்கான்னு கேள்விப்பட்டுத்தான் போனேன்."

ருய்லான் குச்சிகளைக் கீழே வைத்தாள். "அடிச்சியா?"

"மூங்கிலக் கையில குடுத்தாங்க. படுத்திருந்தான். பின்கழுத்து முடியெல்லாம் நரச்சுப் போச்சு. மூணு தட்டு தட்டிட்டு வந்துட்டேன்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாதா?"

அவன்மேல் அவளுக்கு வந்த கோபம் மாவின்மேல் வந்ததைவிடக் கொஞ்சமும் குறைவில்லை. கிண்ணத்தைச் சுவரில் வீசியிருப்பாள், கை எழவில்லை.

"அவன் கால் இனிமே மடங்காதாம். மலைமேல இருக்கற இந்த ஊர்ப் படிக்கட்டெல்லாம் எப்படி ஏறப் போறானோ" என்றான் பாவ்லின். அவன் முகத்தில் துளி சந்தோஷமும் இல்லை. அவள் பொக்கை வாய்க்குத் தோதாக, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து நூடுல்ஸைச் சிறிது சிறிதாக வெட்டிக் கொடுத்தான்.