வயர் இல்லாத மலை

கணவன் கம்ப்யூட்டர் விளையாட்டு விளையாடும்போது மனைவி பின்னால் நின்று வயர் பிடிப்பதை ஒரு வேலை என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அது வேலைதான், அதிலும் லேசுப்பட்ட வேலை இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து வயர் நீண்டு வருகிற ஹெட்செட்டைக் கண்ணை மறைத்து மாட்டிக்கொண்ட மனிதருக்கு அதற்குள் ஓடுகிற படம்தான் தெரியும், தன் வீடு தெரியாது. சோபா தெரியாது, டீப்பாய் தெரியாது, கட்டின பெண்டாட்டி தெரியவே தெரியாது. அவர் வலது பக்கம் திரும்பினால் இவள் இடது பக்கம் சுற்றிப் போக வேண்டும். அவர் குனிந்தால் வயரைத் தளர்த்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் வயர் அவர் காலில் சுற்றிக்கொள்ளும், அல்லது மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டர் கீழே வந்துவிடும். அவளும் கண்கொத்திப் பாம்பாக நின்று வயரைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கம்ப்யூட்டரும் ஹெட்செட்டும் அவளுடைய தம்பி கொடுத்தவை. அவன் புதிதாக வேறு வாங்கிக்கொண்டு, “மாமாவுக்குப் பொழுது போகும்க்கா” என்று பழையதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். மாமா லிஃப்ட் மெக்கானிக். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்குப் பவர் பார்த்து, ஃபிரேம் மாட்டி, காதில் அழுத்துகிறதா என்று கேட்கிற வேலை. இரண்டு பேரும் சாயங்காலம் வீடு திரும்பி, காபி குடித்துவிட்டு, மலை ஏறப் போவார்கள். விளையாட்டு அதுதான். இரண்டு கையிலும் ரிமோட் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, படத்தில் தெரிகிற செங்குத்தான பாறையில் கைவைத்துக் கைவைத்து ஏற வேண்டும். பிடி விட்டால் விழ வேண்டியதுதான்.

அவர் அதிகம் பேசாதவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. வேலை எப்படி என்று கேட்டால் “போச்சு” என்பார். உடம்பு எப்படி என்று கேட்டால் “இருக்கு” என்பார். அப்படிப்பட்டவர் ஹெட்செட்டை மாட்டிய பிறகு பேசத் தொடங்கினார். முகம் பார்க்கத் தேவையில்லை என்பதாலோ என்னவோ, பாறையில் தொங்கிக்கொண்டு என்னென்னவோ சொன்னார்.

“இன்னிக்கு லிஃப்ட் கேபின் மேல நிக்கும்போது கால் வழுக்கிடுச்சு,” என்றார் ஒரு நாள். “யாரோ கிரீஸைக் கொட்டியிருந்திருக்காங்க. கம்பியைப் பிடிச்சுட்டேன். ஒண்ணும் ஆகல.”

“அப்புறம்?”

“அப்புறம் கைதான் நிக்கல. நடுங்கிட்டே இருந்துச்சு. திரும்பறேன், வயரை விடு.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் வயரை விட்டாள். விளையாட்டு முடிந்து ஹெட்செட்டைக் கழற்றியதும் அவர் பழைய மனிதராகி, “என்ன சாப்பாடு?” என்று கேட்டார். உள்ளே சொன்னதை வெளியே இழுக்கக்கூடாது என்பது அவர்களுக்குள் சொல்லாமலே ஏற்பட்டுப்போன ஏற்பாடு.

அதற்குப் பிறகு மலை ஏறுவது அவருக்குப் பொழுதுபோக்காக இல்லை. தன்னைத் தானே பரீட்சை பண்ணிக்கொண்டார். பாதி மலையில் நின்று, “இப்போ கீழ பார்க்கப் போறேன்” என்பார். தலை குனியும். கொஞ்ச நேரத்தில், “இல்ல, முடியல, கை ஆடுது” என்பார். ஊரிலேயே உயரமான ஒரு கட்டடத்தில் புது லிஃப்ட் போடுகிற வேலை அவருடைய கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. லிஃப்ட் ஏறி இறங்குகிற, இன்னும் மூடாத ஷாஃப்ட்டுக்குள் உயரத்தில் நின்று செய்கிற வேலை. அதற்கு அவரைத் தலைமையாகப் போகச் சொல்லி சூப்பர்வைசர் நச்சரித்துக்கொண்டிருந்தார். இவர் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் அவளுக்கு வயர் பிடித்ததால் தெரிந்த சங்கதிகள்.

அப்படி இருந்தும் அவளே போய் அந்தக் காரியத்தைச் செய்தாள். தோள்பட்டை வலி ஒரு காரணம். இன்னொன்று, சின்னப் பிள்ளைக்கு ஆயா மாதிரி தான் பின்னாலேயே அலைவது அவருக்குக் கூச்சமாக இருக்குமோ என்ற நினைப்பு. தம்பிக்குப் போன் போட்டாள்.

“வயர் இல்லாததும் இருக்குக்கா,” என்றான். “கம்ப்யூட்டரே வேண்டாம், எல்லாம் ஹெட்செட்டுக்குள்ளயே இருக்கும். எங்க வேணா நின்னு ஆடலாம். என்ன, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடும், படமும் கொஞ்சம் சுமார்தான். படம் வேணும்னா வயர், சுதந்திரம் வேணும்னா பேட்டரி.”

“அதையே வயர் இல்லாம கம்ப்யூட்டரோட சேர்க்க முடியாதா?”

“முடியும். அதுக்கு உன் வீட்டு வைஃபை முதல்ல வைஃபை மாதிரி இருக்கணும்.”

அவள் சுதந்திரத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஹாலில் ஏறினார், படுக்கையறையில் ஏறினார், ஒரு நாள் சமையலறையில் ஏறிக் குக்கரைத் தட்டிவிட்டார். அதே விளையாட்டு, அதே மலை. அவள் மட்டும் கையில் ஒன்றும் இல்லாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஆள் இல்லை என்பதால் அவர் பேச்சும் நின்றுவிட்டது. வயரோடு சேர்த்துத் தன் கணவனையும் கழற்றி வைத்துவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. தோள்வலி போனதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

ஒரு நாள் அவர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, அதிசயமாக, வெளியில் நின்றே பேசினார்.

“கீழ பார்த்தேன். கை நடுங்கல. ஒரு தடவை இல்ல, ஒரு வாரமாவே நடுங்கல.”

“நிஜமாவா?”

“சூப்பர்வைசர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பெரிய கட்டடம்.”

அவள் நல்லது என்றாள். அப்போது அதை மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் கடைக்கு வயதான அம்மாள் ஒருவர் கண்ணாடி வாங்க வந்தார். எத்தனையோ காலமாக மங்கலான கண்ணாடியோடு காலந்தள்ளியவர். புதியதை மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த சின்ன எழுத்தையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு வாசலுக்குப் போனார். போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“இந்தப் படி இவ்வளவு ஆழமாவா இருந்துச்சு? வரும்போது மடமடன்னு ஏறி வந்தேனே.”

இது அந்தக் கடையில் அடிக்கடி நடப்பதுதான். பவர் மாறினால் படி பயமுறுத்தும். உடன் வேலை செய்கிறவள் சிரித்தாள். இவள் அந்த அம்மாளின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். இறக்கிவிட்டவளுக்கு, புதிய ஹெட்செட்டில் படம் கொஞ்சம் சுமார்தான் என்று தம்பி சொன்னது ஞாபகம் வந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. முதலில் புதிய ஹெட்செட்டை எடுத்து மாட்டினாள். இத்தனை நாளில் அவள் ஒரு தடவைகூட எதையும் மாட்டிப் பார்த்ததில்லை. அவர் விட்டுவைத்த இடத்தில், மலையின் முக்கால் உயரத்தில் நின்றாள். கீழே குனிந்தாள். பச்சையாக ஏதோ பூசியிருந்தது. மரங்கள் துடைப்பக் கட்டைகள்போல இருந்தன. அதற்குமேல் ஒரு புகைமூட்டம். அதைப் பார்த்து யாருக்கும் பயம் வராது, அவளுக்கும் வரவில்லை.

பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, பழையதை மாட்டினாள். அங்கேயும் ஏறக்குறைய அதே உயரம். குனிந்தாள். பாறையிலிருந்து உதிர்ந்த சரளைக்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதற்குக் கீழே ஓடை வெயிலில் மினுங்கியது. ஓடைக்கரையில் நகத்தளவுக்கு ஒரு கூடாரம். அதன் துணி காற்றில் அடித்துக்கொள்வதுகூடத் தெரிந்தது. அவள் சட்டென்று தரையில் உட்கார்ந்து, பாயைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

“புது ஹெட்செட்டுக்குள்ள இருக்கிறது போன்ல இருக்கிற மாதிரி ஒரு சிப்தான்க்கா,” என்றான். “தூரத்துல இருக்கிறதையெல்லாம் குறைச்சுத்தான் காட்டும். இல்லன்னா சூடாகி நின்னுடும். ஏன், மாமா குறை சொல்றாரா?”

“இல்லடா. குறையே இல்லைங்கறார்.”

அவருக்குப் பயம் போகவில்லை. பள்ளம்தான் போயிருந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? பயந்துபோன ஒரு மனிதருக்கு இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. அது உன் தைரியம் இல்லை, படத்தின் கோளாறு என்று யார் போய்ச் சொல்வது? அதைத் தாங்குவாரா என்று யோசித்தாள். தாங்காவிட்டால் பரவாயில்லை, ஷாஃப்ட்டுக்குள் கை நடுங்குவதற்கு இது எவ்வளவோ மேல் என்று முடிவுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் புதிய ஹெட்செட்டைத் தேடினார்.

“அதுல சார்ஜ் இல்ல,” என்றாள். சார்ஜ் போடாமல் விட்டதே அவள்தான். “வயர்லயே ஆடுங்களேன். நான் பிடிக்கிறேன்.”

“உனக்குத் தோள் வலிக்கும்.”

“என் தோள். நான் பார்த்துக்கறேன்.”

அவர் அரைமனதாக மாட்டிக்கொண்டார். அவள் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். அவர் ஏறினார். நன்றாகத்தான் ஏறினார்.

“கீழ பாருங்க,” என்றாள்.

“பார்த்துட்டேன்.”

“பொய். தலை குனியவே இல்ல. வயர் எங்கிட்டல்ல இருக்கு.”

மெல்ல அவர் தலை குனிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் வயர் ஆடத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு அவள் தோள்வரைக்கும்.

“அந்தப் புதுசுல கீழ ஒண்ணும் தெரியாது,” என்றாள். “நானும் பார்த்தேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“படம் மங்கல்னு. மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா சரின்னு சொன்னீங்க?”

அவர் பாறையைப் பிடித்தபடியே நின்றார். “அன்னிக்குக் கால் வழுக்கினதைச் சொன்னேன்ல. அப்போ உன் கை நடுங்கினது வயர் வழியா என் பின்மண்டையில தெரிஞ்சுது. அப்புறம் நான் எப்பப் பயம்னு சொன்னாலும் வயர் ஆடுச்சு. என் பயத்தை நான் சமாளிச்சுடுவேன். உன்னுது என்னால முடியல. புதுசு வந்ததும் நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். நீயும் நிம்மதியா இருந்த. நானும் பயம் போயிடுச்சுன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பாதி நம்பிட்டேன்.”

இத்தனை நாளும் அந்த வயரில் அவர் சங்கதிதான் தன்னிடம் வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, உச்சந்தலைவரைக்கும்.

“அப்போ நீங்க மேலேயிருந்து விழுந்த பிறகு எனக்குத் தெரிஞ்சா போதுமா?” என்றாள். “என் கை நடுங்கினா நடுங்கிட்டுப் போகட்டும். நான் என்ன நிம்மதியா இருந்தேன்? நீங்க பேசாம இருந்தீங்க, நான் சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். போகாதீங்க. எனக்குப் பயமா இருக்கு.”

ஹெட்செட்டைக் கழற்ற வேண்டுமானால் பாறையை விட வேண்டும். அவர் இரண்டு கையையும் விட்டார். உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. கழற்றியபோது கண்ணைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. மேஜைமேல் இருந்த திரையில் மலை சர்ரென்று மேலே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றார்.

முகத்தைப் பார்த்து அவர் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சூப்பர்வைசர் எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“சார், நாளைக்கு அந்த வேலைக்கு நான் வரல.”

ஏன், என்ன ஆச்சு என்று அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கே கேட்டது. அவர் வாயில் ஏதோ ஒரு சாக்கு வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள்.

“மேல நின்னா கை நடுங்குது சார்,” என்றார். “கொஞ்ச நாளாவே நடுங்குது.”