சாவுச்செலவு

காவ்ரிலின் மர ஆலையில் இலாரியே மூன்று வருடம் வேலை பார்த்தான். சம்பளம் கையில் வரும். எந்தப் பதிவிலும் அவன் பெயர் இல்லை. ஓர் அக்டோபர் நாளில் மலைச்சரிவில் ஒரு பெரிய கட்டைக்கடியில் செத்துக் கிடந்தான்.

"லீவு நாள்ல என் மரத்தைத் திருட வந்திருக்கான், பாவம்" என்று காவ்ரில் போலீசிடம் சொன்னார். விசாரணை அதோடு முடிந்தது.

சவப்பெட்டி, பாதிரியார், ஊருக்கே போட்ட சாவுச்சாப்பாடு, பிளம் சாராயம் எல்லாவற்றையும் காவ்ரிலே பார்த்துக்கொண்டார். திருட வந்தவனுக்கு இவ்வளவு செய்கிறாரே என்று ஊர் வியந்தது. இலாரியேயின் மனைவி சவேத்தா அவர் கையை முத்தமிட்டாள். அதன்பிறகு வெட்கத்தில், பிள்ளைகளிடம் அவர்கள் அப்பாவின் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

பனி உருகியதும் சுச்சாவா நகரத்திலிருந்து வரி அதிகாரி ஆலைக்கு வந்தார். கணக்கெழுதும் டோம்னிகாவும் அறையில் இருந்தாள். சாவுச்செலவைத் தொழில் செலவில் சேர்க்க வேண்டாம் என்று அவள் சொல்லியும் காவ்ரில் கேட்டிருக்கவில்லை.

"இதைக் கழிக்க முடியாதுங்க" என்றார் அதிகாரி. "தொழிலுக்காகச் செஞ்சாத்தான் வருமானத்துல கழிப்போம். செத்தவர் உங்க ஆளா?"

"ஊர்க்காரன்."

"அப்ப இது உங்க தர்மம். நீங்க ஊர்ல பேர் வாங்க சாராயம் ஊத்தினதுக்கு அரசாங்கமும் பங்கு போடணுமா?"

"விட்டுடுங்க முதலாளி, வரியைக் கட்டிடலாம்" என்றாள் டோம்னிகா.

காவ்ரிலின் முகம் சிவந்துவிட்டது. "பேர் வாங்கவா? மூணு வருஷம் என்கிட்ட ஒழைச்சவன்யா அவன். அன்னிக்கும் என் ரம்பத்துலதான் நின்னான். இந்தக் கொட்டகையிலதான் கட்டை உருண்டு அவன் மேல விழுந்துச்சு. என் ஆளுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா கழிக்கலாம். இப்ப சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

காவ்ரில் எழுதவில்லை. வாய் தவறி வந்துவிட்டது என்றார். பிறகு டோம்னிகாவைப் பார்த்தார். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

டோம்னிகா போய்ச் சேர்ந்தபோது சவேத்தா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உன் புருஷன் திருடப் போகல, சவேத்தா. ஆலையிலதான் அடிபட்டிருக்கான்."

சவேத்தா கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். அதில் சொட்ட ஒன்றுமில்லை.

"அப்ப மலைக்கு எப்படிக்கா போனாரு?"

"தூக்கிட்டுப் போய்ப் போட்டிருக்காங்க."

"உயிரோடயா?"

டோம்னிகாவுக்குத் தெரியவில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. டோம்னிகாவும் அதிகாரியும் சாட்சி சொன்னார்கள். இலாரியேயைத் மலைக்குத் தூக்கிச் சென்ற ஆலையாட்கள் இருவரும் அதை ஒப்புக்கொண்டார்கள். அப்போது மூச்சு இருந்ததா என்று நீதிபதி கேட்டார். அவர்களில் ஒருவன், "பார்க்கலைங்க, முதலாளி அவசரப்படுத்தினாரு" என்றான்.

காவ்ரிலுக்குக் கிடைத்த தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. ஆலை மைத்துனன் பெயருக்கு மாறி ஓடுகிறது. இலாரியே ஆலைத் தொழிலாளி என்று தீர்ப்பானதால் சவேத்தாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. ரம்பச் சத்தம் கேட்காத ஊராகப் பார்த்துப் பிள்ளைகளோடு குடிபோய்விட்டாள்.