ரத்து செய்ய இன்னும் ஒரு நாள்

சனிக்கிழமை நீச்சல் வகுப்பை முடித்துக்கொண்டு ரோனா கெட்டிஸ் வீட்டுக்கு வந்தபோது மணி நாலாகிவிட்டது. கதவுக்குக் கீழே கிடந்த இரண்டு கடிதங்களைக் குனிந்து எடுத்தாள். முதலாவது அவளுடைய மின்சாரக் கம்பெனியிடமிருந்து. இத்தனை வருஷம் எங்களோடு இருந்ததற்கு நன்றி, நீங்கள் விலகிப் போவதில் வருத்தம் என்று எழுதியிருந்தார்கள்.

"நான் எங்கய்யா விலகினேன்?" என்று காகிதத்தைப் பார்த்தே கேட்டாள்.

இரண்டாவதைப் பெயர் பார்க்காமல் பிரித்துவிட்டாள். வேறொரு கம்பெனியின் வரவேற்புக் கடிதம். வீட்டு எண் அவளுடையது, மீட்டர் எண்ணும் அவளுடையது. பெயர் மட்டும் டி. இம்ரி.

டூகல் இம்ரி எதிர்வீட்டுக்காரர், டாக்ஸி ஓட்டுபவர், அறுபத்திரண்டு வயது. டண்டி நகரத்தின் அந்தப் பழைய கல் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இரண்டே வீடுகள். நடுவில் நாலு எட்டு தூரம். அதை நாலு வருஷமாக இருவருமே தாண்டவில்லை. குப்பைத் தொட்டிகள் இருக்கும் சந்து வழியை அடைத்துக்கொண்டு டாக்ஸியை நிறுத்துகிறார் என்று ரோனா நகராட்சிக்கு எழுதிப் போட்டாள். அவருக்கு அபராதம் வந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

நடந்ததை ஊகிப்பது கஷ்டமாக இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பெண் வீடு வீடாக வந்து கம்பெனி மாறச் சொன்னாள். ரோனா வாசலிலேயே அனுப்பிவிட்டாள். இம்ரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். மீட்டர் எண் கேட்டபோது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து, தன்னுடையதை விட்டுவிட்டுப் பக்கத்து மீட்டரின் எண்ணைக் கொடுத்திருக்கிறார். கம்பெனி அந்த மீட்டருக்குரிய வீட்டுக்கே கடிதத்தை அனுப்பிவிட்டது.

கையெழுத்தான நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்றது கடிதத்தின் இரண்டாம் பக்கம். கையெழுத்தான தேதி மூன்று. இன்று பதினாறு. நாளை ஞாயிறு, போனை யாரும் எடுக்க மாட்டார்கள். இன்று ஐந்து மணி வரை உண்டு. தவறாக நடந்த மாற்றத்தைப் பிறகும் சரிசெய்யலாம்தான், ஆனால் இரண்டு கம்பெனிகளோடும் வாரக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டவரே ரத்து செய்தால் ஒரே போனில் முடிந்துவிடும்.

தயங்கி நிற்பது ரோனாவுக்குப் பழக்கமில்லை. தண்ணீரைக் கண்டு அலறும் பிள்ளைகளை முப்பது வருஷமாக அதே தண்ணீரில் இறக்கியவள் அவள். ஈரத் தலையோடே போய்க் கதவைத் தட்டினாள்.

இம்ரி கதவைக் கால்வாசி திறந்தார். "இப்ப என்ன? என் மிதியடி வழியில கெடக்கா?"

"மிதியடிய அப்புறம் பாத்துக்கலாம். என் மீட்டர எதுக்குங்க வேற கம்பெனிக்குத் தாரை வாத்தீங்க?"

"உங்க மீட்டரா? என் மீட்டர நான் மாத்தினேன். அதுக்கும் உங்க அனுமதி வேணுமா?"

அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் அதை முகத்துக்கு அருகே கொண்டுபோனார், பிறகு தள்ளிப் பிடித்தார். "பொடி எழுத்து. விளக்கப் போட்டுத்தான் பாக்கணும்."

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் இம்ரி முனகிக்கொண்டே அவளைச் சமையலறைக்குள் விட்டார். மேசை மேல் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்கள். கம்பெனிப் பெண் உற்சாகமான குரலில் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டாள். இம்ரி கடிதத்தைப் பார்த்து எட்டு இலக்கம் சொன்னார்.

"மன்னிக்கணும் சார், அப்படி ஒரு எண் இல்லையே."

ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடியும் சொன்னார். அதுவும் தவறு.

"இன்னொரு தடவை பொருந்தலேன்னா நான் அழைப்பை முடிக்க வேண்டியிருக்கும் சார்."

இம்ரியின் காது மடல் சிவந்தது. "கம்ப்யூட்டர ஒழுங்கா பாருங்கம்மா!" என்று கத்திவிட்டு போனை அணைக்கக் கை நீட்டினார்.

ரோனா இவ்வளவு நேரமும் கடிதத்தைப் பார்க்கவில்லை, அவர் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குளத்தில் சில பிள்ளைகள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கைகளை மட்டும் வீசுவார்கள். கரையில் நிற்கும் அப்பா அம்மாவுக்குப் பிள்ளை நீந்துவதாகவே தோன்றும். ரோனாவை அப்படி ஏமாற்ற முடியாது. அவர் கையிலிருந்து கடிதத்தை வாங்கி எண்ணை நிதானமாகப் படித்தாள்.

"அங்க வேற யாரு பேசறது? ஒப்பந்தக்காரர்தான் பேசணும்."

இம்ரி போன் பக்கம் குனிந்தார். "எதிர்வீட்டம்மா. என் கண்ணாடி உடைஞ்சு போச்சு. அவங்க படிக்கட்டும், எனக்குச் சம்மதம்."

கண்ணாடி அவர் மூக்கின் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"ரத்துக்குக் காரணம் சொல்ல முடியுமா சார்? உங்களுக்குன்னு ஒரு விசேஷ சலுகை..."

"காரணம் வேண்டாம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. ரெண்டாம் பக்கம், மூணாவது பத்தி," என்றாள் ரோனா.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. ரத்தாகிவிட்டது என்றாள் பெண். அவள் கொடுத்த ரத்து எண்ணை ரோனா கடிதத்தின் முதுகில் எழுதிக்கொண்டாள். மணி நாலு ஐம்பது.

வந்த வேலை முடிந்தது. ஆனால் அவள் கிளம்பவில்லை.

"ஜன்னலண்ட வாங்க. எதிர்ல நிக்கற செகப்பு வண்டியோட நம்பர் என்ன?"

அவர் வெகு நேரம் கீழே பார்த்தார். "எந்த செகப்பு வண்டி?"

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருஷம் இருக்கும். எல்லாம் பனி மூடின மாதிரி. ராத்திரி ஓட்டறதில்ல. பகல்லயும் தெரிஞ்ச தெருதான். ஒவ்வொரு தெருவும் எனக்கு மனப்பாடம்."

"தெரு மனப்பாடம். அதுல குறுக்க ஓடி வர்ற குழந்தையும் மனப்பாடமா?"

இம்ரி நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, எழுதிப் போடுங்க. அதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

"இந்தத் தடவ மூஞ்சிக்கு நேராவே சொல்றேன். திங்கக்கிழமை கண்ணக் காட்டறீங்க. அதுவரைக்கும் வண்டி நகரக் கூடாது. நகந்துச்சு, அன்னிக்கே எழுதுவேன். உங்ககிட்ட சொல்லிட்டேதான் எழுதுவேன்."

"வண்டி இல்லேன்னா நான் யாரும்மா?" அவர் குரல் தணிந்துவிட்டது.

"அதத் திங்கக்கிழமைக்கு அப்புறம் யோசிப்போம். இப்ப ஒரு டீ போடுங்க. தல ஈரம், குளிருது."

கெட்டிலிலிருந்து ஊற்றும்போது அவர் கோப்பையின் விளிம்புக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டார். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்தினார். ரோனா அதையும் பார்த்துக்கொண்டாள். டீ நன்றாகவே இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். அன்று மாலையே இம்ரி டாக்ஸி அலுவலகத்துக்குப் போய் உள்ளதைச் சொன்னார். முதலாளி முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினார். அங்கே போனில் சவாரி வாங்கி வண்டி அனுப்பும் ஆள் அந்த மாதம்தான் வேலையை விட்டிருந்தார். திட்டி முடித்த முதலாளி அந்த நாற்காலியைக் காட்டினார். எந்தச் சந்தின் எந்த வாசலில் கிழவி காத்திருப்பாள், எந்த மேட்டில் மழை நாளில் வண்டி ஏறாது என்பதெல்லாம் இம்ரிக்குத் தெரிந்திருந்ததால், ஓட்டுநர்கள் ஒரே வாரத்தில் அவர் குரலைக் கேட்டு நடக்கத் தொடங்கினார்கள்.

வசந்தத்தில் இரண்டு கண்ணும் தெளிந்தன. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். ஆனாலும் அவர் நாற்காலியை விடவில்லை.

மாடிப்படியில் சந்தித்தபோது ரோனா காரணம் கேட்டாள்.

"உக்காந்த எடத்துலேருந்து இருபது பேர ஊர் சுத்த வைக்கறேன்," என்றார் இம்ரி. "இத விட்டுட்டு மறுபடியும் ஸ்டியரிங்கப் புடிக்கணுமா? போம்மா!"