ஜோசஃபினுக்காக நட்ட தைலமரங்கள்

ஹொஸ்கோட்டைக்குப் போகும் வழியில், பெங்களூரு முடிந்தும் முடியாமலும் கிடக்கிற இடத்தில் ஜோசஃபினின் வீடு. பின்னால் ஒரு கிணறு. அதைச் சுற்றி நாவலும் புங்கையும் தாமாக முளைத்து நெருக்கியடித்த சின்னக் காடு. சருகு கணுக்கால் வரை கிடக்கும். எவ்வளவு மழை கொட்டினாலும் தண்ணீர் ரோட்டுக்கு ஓடாது. சருகுக்கடியில் நின்று நிதானமாக இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும்.

சாகப்போகிற நேரத்தில் அம்மா, பாஸ்டர் தியோடரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகனிடம் சொன்னாள்.

"நோயலு, கெணத்துல தண்ணி இருக்கிற வரைக்கும் அக்கா இங்கதான் இருப்பா. தண்ணி இல்லாத எடத்துல ஒத்தப் பொம்பள என்ன பண்ணுவா? அப்ப வேணா வீட்ட வித்துட்டு, அவள உன்னோட கூட்டிட்டுப் போ."

கல்யாணமாகாத மகளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவம்.

நோயல் நகரத்துக்குள் ஜீவனஹள்ளியில், பெட்டி என்கிற தன் மனைவியோடு இருந்தான். அக்கா வீட்டைச் சுற்றி அபார்ட்மெண்டுகள் எழும்ப எழும்ப, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அக்கா, தம்பி தன்னைப் பார்க்க வருகிறான் என்று கறி சமைத்து வைத்தாள்.

ஜோசஃபினுக்கு வீசிங். ஒரு மழைக்காலத்தில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது காடு இல்லை. வேரோடு பெயர்த்து, சருகை வாரிக் கொளுத்தி, மண்ணைத் தளம் போல இறுக்கியிருந்தார்கள். கிணற்றைச் சுற்றி வரிசை வரிசையாக முழ உயரக் கன்றுகள்.

"தைலமரம்க்கா," என்றான் நோயல். "பழைய மரத்துப் பூத்தூள்தான் உனக்கு ஆகல. இந்தக் காத்து பட்டாலே மூச்சடைப்பு விட்டுடும். சின்ன வயசுல அம்மா நம்ம நெஞ்சுல என்னத்த தேய்ப்பாங்க? இந்தத் தைலம்தானே?"

ஆமாம், அதே தைலம்தான். சளி என்றால் அந்த வீட்டில் வேறு மருந்தே கிடையாது. ஜோசஃபின் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் மேல இவ்ளோ பாசமாடா ஒனக்கு?"

அன்றிலிருந்து கிணற்றில் இறைத்து இறைத்து, மூச்சிரைக்க, ஒவ்வொரு கன்றுக்கும் அவளே ஊற்றினாள்.

மரங்கள் கூரையைத் தாண்டி வளர்ந்தன. மழை வந்தால் இப்போது தண்ணீர் செம்மண்ணோடு ரோட்டுக்கு ஓடியது. கிணற்றுக் கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டினாள், மறுபடி நீட்டினாள். ஊரெல்லாம் டேங்கருக்கு அலைந்த வருஷம் அது. நம் கிணறு மட்டும் என்ன விதிவிலக்கா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கட்டடச் சாரத்துக்குக் கம்பு வாங்கும் சிக்கண்ணா அந்த வழியாக வந்தவன், கிணற்றையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏனம்மா, கெணத்தங்கரையில யாராவது நீலகிரித் தைலமரம் வெப்பாங்களா? ராத்திரி பகல் பாக்காம உறிஞ்சுமே! யாரு வெச்சது?"

"என் தம்பி."

"தம்பியா, பங்காளியா?" அவன் சிரித்தான். ஜோசஃபினுக்குச் சிரிப்பு வரவில்லை. கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே எல்லா மரங்களையும் வெட்டி எடுத்துப்போகச் சிக்கண்ணாவிடம் சொன்னாள். வெட்டினார்கள். ஒரு மழை பெய்தது. ஒவ்வொரு அடிக்கட்டையிலும் கொத்துக்கொத்தாகத் துளிர்த்தது. அரிவாளால் கொத்தினாள், கொத்திய இடத்தில் இன்னும் அடர்த்தியாக வந்தது. மூச்சு முட்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தத் துளிரின் வாசனை நெஞ்சுக்கு இதமாகத்தான் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

பங்குனியில் நோயல் பாஸ்டரோடு வந்தான். கிணற்றில் ஒரு கல்லைப் போட்டான். 'டக்'கென்று கேட்டது.

"அய்யா, இவன்தான் வத்த வெச்சான்! மரம் நட்டு வத்த வெச்சான்!"

பாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி இருக்கிற வரைக்கும்னுதான் அம்மா சொன்னாங்க, ஜோசஃபின். எப்படி வத்துச்சுன்னு கேக்கச் சொல்லலையே."

"நீ ஊத்தித்தானேக்கா வளந்துச்சு?" என்றான் நோயல். குரலை உயர்த்தக்கூட இல்லை. "நானா வந்து ஊத்துனேன்?"



ஜீவனஹள்ளி வீட்டில் மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். முதல் நாள் காலையில் குளிக்க, டிரம்மிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் மொண்டு தூக்கிக்கொண்டு போனாள். பெட்டி பின்னாலேயே வந்து நின்றாள்.

"அண்ணி, இது காவேரித் தண்ணி, நாள் விட்டு நாள்தான் வரும். ஒங்க கெணறுன்னு நெனச்சு ஊத்திக்காதீங்க."

ஜோசஃபின் வாளியில் பாதியை மறுபடி டிரம்மில் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.