யாரோ பெற்ற பிள்ளைக்கு அழுதவர்

என் வீட்டுக்காரர் வேல்ராஜ் குற்றப்பிரிவில் சப்-இன்ஸ்பெக்டர். அவர் பெயரைச் சொன்னால் சங்கரன்கோவிலில் திருடன் நடுங்குவான் என்பார்கள். வீட்டில் நாங்கள் வேறு விதமாக நடுங்கிக்கொண்டிருந்தோம்.

மகள் யோகலட்சுமிக்கு அன்று பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை. பரீட்சை முடிந்து வரும்போதெல்லாம் எவனோ ஒருவன் பைக்கில் பின்னாலேயே வருகிறானாம்.

"இன்னைக்கு உங்களுக்கு லீவுதான? நீங்களே போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. இதையும் மறந்தீங்கன்னா நாங்க ரெண்டு பேரும் இளையரசனேந்தலுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவோம்" என்று காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் நான் தாலுகா ஆபீஸ் வேலைக்குப் போனேன். பெரிதாகத் தலையை ஆட்டினார்.

சாயங்காலம் வந்து பார்த்தால், மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். கையில் கிளாஸ், மடியில் புத்தகம். ஸ்வீடன் நாட்டுத் துப்பறியும் நாவல், தமிழில் வந்தது. ஒரு வாரமாக அதுதான் அவருக்குச் சாமி. அதில் வரும் போலீஸ்காரனும் குடிப்பான், தூங்கமாட்டான், யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். குடிக்கிறவனுக்குத் துணைக்கு ஒரு வெள்ளைக்காரன் கிடைத்துவிட்டான், கேட்கவா வேண்டும்!

"என்னைய அப்படியே எழுதியிருக்கான்டி" என்றார். "மகளைக் கூப்பிட வாரேன்னு சொல்லிட்டு மறந்துட்டான், பாவம். அந்தப் பிள்ளை கொட்டுத பனியில தனியா நிக்கா."

நான் பையைக் கீழே போட்டேன். "நம்ம பிள்ளை எங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தெருவுக்கு ஓடினேன்.

எதிர்வீட்டு ஆயிஷம்மாள் ஆட்டோவில் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கினாள். பைக்கில் வருகிறவன் இன்று அவள் கையைப் பிடித்தே இழுத்துவிட்டானாம். பிள்ளை உதறிக்கொண்டு ஒரு மருந்துக்கடைக்குள் ஓடி, அங்கிருந்து அப்பாவுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டிருக்கிறாள். படிக்கும்போது தொந்தரவு என்று அவர் போனை அணைத்து வைத்திருந்தாராம். தற்செயலாக மருந்து வாங்கப் போன ஆயிஷம்மாள்தான் பார்த்திருக்கிறாள்.

"எவன்னு சொல்லு மக்கா, இப்பமே தூக்கிட்டு வாரேன்" என்று சட்டையைத் தேடினார் இவர். பிள்ளை அவர் முகத்தையே பார்க்கவில்லை. உள்ளே போய்த் துணிமணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். நானும் அடுக்கினேன்.

கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கதையிலயும் இப்படித்தான்டி. முதல் பக்கத்துலயே பெண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருதா. அதுக்கப்புறம் அவன் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

"அதைப் படிச்ச பெறகுமா போனை அணைச்சு வச்சீங்க?" என்று கேட்டேன்.

வழியை விட்டார்.